ஆறு மா நிலமும் லண்டன் எம்.ஏ.வும்

கேள்வி: திருவிடைமருதூர் பக்கம் எங்கள் ஊர். மகள் கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு, தமிழ் வழியில், இறுதியாண்டு படிக்கிறாள். வெளிநாடு போய்க் கலை வரலாறு படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தஞ்சாவூரில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். லண்டனில் ஒரு வருட எம்.ஏ., எல்லாம் சேர்த்து 45 லட்சம் ஆகும், இப்போதே பணம் கட்டினால் செப்டம்பரில் அனுப்பிவிடலாம் என்கிறார்கள். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் போல, நஞ்சை இருக்கிறது. அதை அடகு வைத்துக் கடன் வாங்கலாமா? அவளுக்குப் படம் வரையக்கூட வராது. இந்தப் படிப்பு அவளுக்குச் சரிப்படுமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. ஒரு சிலையையோ கட்டடத்தையோ ஓவியத்தையோ எடுத்துக்கொண்டு, இதை யார் செய்தார்கள், யார் பொருள் கொடுத்தார்கள், எந்த இடத்தில் நின்றது, பிறகு எப்படிக் கைமாறியது என்று கேட்டு, அந்தப் பொருளையே முதல் சாட்சியாக வைத்துப் பதில் எழுதுகிற படிப்பு இது. வரலாறு படித்த பெண்ணுக்கு நன்றாகவே சரிப்படும்.

நிலத்தைப் பற்றியும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இந்த எம்.ஏ.வுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற வரிசையை மாற்றுங்கள் என்கிறேன்.

ஏஜென்சி சொன்ன தொகை மிகையல்ல. லண்டனில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த எம்.ஏ.வின் கட்டணமே 25,000 பவுண்டு அளவில் இருக்கிறது. அது போக, அங்கே தங்கிச் சாப்பிட ஒன்பது மாதச் செலவுப் பணம் கையில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். மருத்துவக் கட்டணம், விமானம் எல்லாம் தனி. சரி, படித்து முடித்ததும் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்பார்கள். படிப்புக்குப் பின் வேலைக்காகத் தங்கும் விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அதற்கு மேல் தங்க வேண்டுமானால், குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத சம்பளத்தில் வேலை கிடைக்க வேண்டும். அருங்காட்சியகங்களின் தொடக்கநிலை வேலைகளில் பெரும்பாலும் அந்தச் சம்பளம் வராது. கணினி படித்தவர் போடுகிற கணக்கை இந்தப் படிப்புக்குப் போட முடியாது.

ஏஜென்சி ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தரும் படிப்புகளைத்தான் அவர்கள் காட்டுவார்கள். மாணவருக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுக்கிற படிப்பில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கலை வரலாற்றில் அப்படி ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்குத் தேர்வானால் பொதுவாகக் கட்டணம் கிடையாது. மாதச் செலவுக்கும் அவர்களே தருவார்கள். ஐந்து, ஆறு ஆண்டுப் படிப்பு. போட்டி கடுமை, ஒரு துறையில் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் எடுப்பார்கள். 2025க்குப் பிறகு சில பல்கலைக்கழகங்கள் அதையும் குறைத்துவிட்டன, சில இடங்களில் ஓராண்டு சேர்க்கையையே நிறுத்தி வைத்தார்கள். எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றால் விண்ணப்பச் செலவோடு போகும், நிலம் போகாது.

அங்கே பி.ஏ. முடித்த கையோடு விண்ணப்பிப்பவர்களும் உண்டு. நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில இடங்கள் போதாது என்று சொல்லிவிடும். அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் இந்தியாவிலேயே கலை வரலாற்றில் எம்.ஏ. பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை, டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் துறை, நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் (பழைய தேசிய அருங்காட்சியக நிறுவனம்தான்) ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் வடக்கத்திய மாணவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். முதல் ஆறு மாதம் திணறுவாள். அந்தத் திணறல் லண்டனில் நடந்தால், ஒரு வருடப் படிப்பில் பாதி அதிலேயே போய்விடும். அங்கே எம்.ஏ. என்பது இரண்டு பருவ வகுப்பும் ஒரு ஆய்வேடும்தான். நின்று மூச்சு விட நேரம் இருக்காது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கலை வரலாற்றுச் சேர்க்கையில் மதிப்பெண்ணைவிட அதிகம் பார்க்கப்படுவது மாணவர் சொந்தமாக எழுதிய ஒரு கட்டுரை. அமெரிக்கப் பிஎச்.டி.க்கு இருபது பக்கம் அளவில் கேட்பார்கள். அதைப் படிப்பவருக்குச் சோழர் பெருமை தெரிய வேண்டியதில்லை. இந்தப் பெண்ணுக்குப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதி நான் படித்த கட்டுரைகளில் பாதி, பெரிய கோவிலின் விமான உயரத்தில் தொடங்கி, நிழல் தரையில் விழாது என்ற கதையில் முடியும். (நிழல் விழும். ஒரு நாள் மாலையில் போய்ப் பார்த்தால் தெரியும்.)

பெரிய தலைப்பை விட்டுவிட்டுச் சின்னதாக ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். கும்பகோணத்திலேயே நாகேஸ்வரன் கோவில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் முற்காலச் சோழர் கோவில். கருவறைச் சுவரின் வெளிப்புறத்தில், ஆளுயரத்தை ஒட்டிய ஆண், பெண் உருவங்கள் நிற்கும். அவை யார்? அரச குடும்பத்தார், கோவிலுக்குக் கொடையளித்தவர்கள் என்பது ஒரு கட்சி. கீழே அடித்தளத்தில் சிறு சிறு சிற்பங்களாக இராமாயணம் ஓடுவதால், மேலே நிற்பவர்களும் அந்தக் கதையின் பாத்திரங்களே என்பது இன்னொரு கட்சி. இருவர் சொல்வதையும் படித்துவிட்டு, ஒரே ஒரு உருவத்தின் முன் போய் நின்று, உடை எப்படிக் கட்டியிருக்கிறது, கை என்ன செய்கிறது, பார்வை எந்தப் பக்கம், பக்கத்து மாடத்தில் யார் இருக்கிறார், கீழே எந்தக் காட்சி வருகிறது என்று எழுதினால், அது கலை வரலாறு. பாஸ்டனில் இருக்கும் மாணவர் இதைப் புகைப்படத்தில்தான் செய்ய முடியும். உங்கள் மகள் வாராவாரம் போகலாம். வெயில் சாயும்போது கல்லில் வேறு விஷயங்கள் தெரியும், அதையும் எழுதலாம்.

தாராசுரம் இன்னொரு நல்ல களம். ஐராவதேஸ்வரர் கோவிலில் நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சிறு சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. தமிழ் எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறது. அய்யம்பேட்டை பக்கம் புள்ளமங்கையில் உள்ளங்கை அளவுச் சிற்பங்கள். படம் எடுக்க அனுமதி இல்லாத இடத்தில் நோட்டும் பென்சிலும் போதும். அழகாக வரைய வேண்டாம், கோடு இழுத்தாலே கண் நின்று பார்க்கும். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைக்கும் ஒரு முறை போகட்டும். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய வைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவதை நேரில் பார்த்தவர், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் செப்புத் திருமேனியைப் பார்க்கும் விதமே மாறிவிடும். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் (சிவனின் செப்புத் திருமேனி) நிற்கிறார். அதற்கு லண்டன் டிக்கெட் வேண்டாம்.

தமிழ் வழியில் படித்ததைக் குறை என்று நினைத்திருப்பீர்கள். இந்தத் துறையில் அது பாதி உண்மை. ஆங்கிலத்தில் எழுதப் பழகியாக வேண்டும், அதில் மாற்று இல்லை. ஆனால் தென்னிந்தியக் கலையை ஆராய வரும் அமெரிக்க மாணவர் பல ஆண்டு உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொள்கிறார். உங்கள் மகளுக்கு அது வீட்டில் வந்தது. அதோடு தமிழ்க் கல்வெட்டு எழுத்தும், வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால், விண்ணப்பத்தில் அந்த வரி தனியாகத் தெரியும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சி இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள்.

இன்னொரு கிளையையும் அவள் தெரிந்து வைத்திருக்கட்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற ரயிலில் சுந்தரப்பெருமாள்கோயில் ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். அந்த ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோவிலின் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை, ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கியிருந்தது. 1957-ல் கோவிலில் எடுத்த புகைப்படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. ஆய்வாளர் ஒருவர் அதைக் கொண்டு கேள்வி எழுப்ப, 2024-ல் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஒரு பொருள் எங்கிருந்து, யார் யார் கை வழியாக வந்தது என்று தேடும் இந்த வேலைக்கு இப்போது மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் ஆள் தேவைப்படுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே படிப்பு உண்டு, ஜெர்மன் மொழியில். பழைய கோவில் சொத்துப் பதிவேட்டைத் தமிழில் வாசிக்கத் தெரிந்தவர் இந்த வேலையில் எவ்வளவு பயன்படுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெர்மனி என்றதும் எல்லோரும் இலவசம் என்பார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அங்கே பண்பாடுகளுக்கிடையேயான உறவுகளைப் படிக்கும் எம்.ஏ. ஆங்கிலத்தில் இருக்கிறது, காட்சிக் கலை அதில் ஒரு பிரிவு. லண்டனோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும். மாதாமாதம் அதிலிருந்துதான் எடுக்கலாம். ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். பிள்ளைக்கு எம்.ஏ.வுக்கே வெளிநாடுதான் என்றால் இந்த வழியைப் பாருங்கள். நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் சோழர் செப்பேடுகள் அங்கே போய்ச் சேர்ந்ததால்தான் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. படிப்பு நல்ல படிப்பு, நமக்குக் கட்டணம் அதிகம்.

உதவித்தொகையில் ஒரு பொறி இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் உரியது. 2022-ல் அதன் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு பற்றிய படிப்புகளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சோழர் சிற்பம் படிக்கப் போகிறேன் என்றால் அங்கேயே அடிபட்டுவிடும். நீங்கள் அந்தப் பிரிவில் வருவீர்களானால், தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறைத் திட்டத்தைத் தனியாக விசாரியுங்கள். பிரிட்டனுக்கு அந்நாட்டு அரசின் செவெனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும். இன்லாக்ஸ் அறக்கட்டளையின் உதவித்தொகை எல்லாப் பிரிவினருக்கும் பொது. ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவியில், இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் போய் ஆராயலாம். வீட்டுப் பக்கமே இருந்து படிக்க விரும்பும் பெண்ணுக்கு இது பொருத்தமான வழி, பலருக்கும் தெரிவதில்லை.

பெரிய உதவித்தொகை ஒன்று கையில் வந்த பிறகு லண்டன் என்றால் தாராளமாக அனுப்புங்கள். ஆசிய, ஆப்பிரிக்கக் கல்விக்கென்றே அங்கே இருக்கும் எஸ்.ஓ.ஏ.எஸ். கல்லூரியில் ஆசியக் கலையைப் படிப்பதற்கு இணையான இடங்கள் குறைவு. ஒரு வருட எம்.ஏ. இங்கே செல்லாது என்று பயமுறுத்துவார்கள். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்பாட்டில் அதை ஏற்றுக்கொண்டாயிற்று.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை சில. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை அவசரப்பட்டு எழுத வேண்டாம். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், இப்போது எழுதினால் தேவைப்படும் நேரத்தில் காலாவதி ஆகியிருக்கும். அமெரிக்க விண்ணப்பங்களுக்கு டிசம்பர், ஜனவரித் தொடக்கம் கடைசித் தேதி. சேர்வது அடுத்த ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். கல்லூரியில் அவள் எழுதியதைப் படித்த ஓர் ஆசிரியரோடு தொடர்பு விடாமல் இருக்கட்டும். "ஒழுக்கமான மாணவி, நன்கு படிப்பவர்" என்ற பரிந்துரைக் கடிதத்தால் பயனில்லை. எந்தக் கட்டுரையில் என்ன கண்டுபிடித்தாள் என்று எழுதக்கூடியவர் வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வருமுன் பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பிரதியை முத்திரையோடு வாங்கி வையுங்கள். பருவவாரி மதிப்பெண்களைப் பல்கலைக்கழகமே தொகுத்துத் தரும் ஒருங்கிணைந்த சான்றுக்கு விண்ணப்பித்தால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் தேர்வு முடிவு வந்ததும் முதல் வேலையாகத் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.