மூன்று துளைகளை நம்பலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் என் மைத்துனர் உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்பவர். தம் .30-06 ரைஃபிளுக்கான தோட்டாக்களைத் தாமே தயாரித்துக்கொள்கிறார். ஈயக் குண்டிலிருந்து செம்புக் குண்டுக்கு மாறிய பிறகு, 100 கஜத்தில் மூன்று தோட்டாக்கள் ஒரு நாள் அரை அங்குலத்துக்குள் விழுகின்றன. அதே கலவை (குண்டு, வெடிமருந்து அளவு ஆகியவற்றின் சேர்க்கை) மறுவாரம் ஒன்றரை அங்குலம் சிதறுகிறது என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், கோவை

பதில்: துப்பாக்கியிலோ அவருடைய கைத்திறனிலோ குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே தோட்டா, எந்த மாற்றமும் இல்லாமல், இந்த இரண்டு முடிவுகளையும் தற்செயலாகவே தரக்கூடும். மூன்று மூன்றாகச் சுடும்போது சராசரியாக ஓர் அங்குலம் சிதறும் ரைஃபிள், பத்துப் பத்தாகச் சுட்டால் சராசரியாக ஏறத்தாழ 1.6 அங்குலம் சிதறும். சிறிய எண்ணிக்கை சிதறலை மறைத்துவிடுகிறது. அரை அங்குலம் விழுந்த நாளில் 'கிடைத்துவிட்டது' என்று முடிவுகட்டியதுதான் அவரைக் குழப்பியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடல்களைத் தின்று ஈய நஞ்சேறி மடிந்துவந்த காண்டோர் கழுகுகள் 1982இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தன என்பதை நினைத்தால், இந்தத் தடையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், குண்டு மாறினால் கணக்கும் மாறும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டு நிலைதடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். பெரும்பாலான .30-06 குழல்களில், குண்டைச் சுழலவைக்கும் உட்புறக் காடிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதால், 180 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் சிறிய அலகு) ஈயக் குண்டைப் பயன்படுத்தியவர்கள் செம்பில் 150 அல்லது 165 கிரெயினுக்கு இறங்குவது வழக்கம்.

நீளமான குண்டு பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்துக்குரிய இடத்தையும் பிடித்துக்கொள்வதால் அழுத்தம் ஏறும். ஈயக் குண்டுக்கு எழுதிவைத்த மருந்தளவை ஒருபோதும் செம்புக் குண்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குண்டுக்கென்றே தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள அட்டவணையில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக உயர்த்தி, அதில் அச்சிட்டுள்ள உச்ச அளவோடு நிறுத்த வேண்டும். .30-06க்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாவதும், குழலின் பின்புறத்தை மூடும் போல்ட் திறக்க வராமல் இறுகுவதும் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிய பிறகே தெரியவரும். அவற்றை வழிகாட்டியாகக் கொள்வது ஆபத்து.

மருந்தளவைவிடக் குண்டு உட்காரும் ஆழம் செம்புக்கு அதிக வேறுபாட்டைத் தருவதுண்டு. காடி தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் நடுவே சுமார் 0.05 அங்குல இடைவெளி நல்ல தொடக்கம். சோதனைக்கு முன் குழலில் படிந்திருக்கும் பழைய உலோகக் கறையையும் முற்றிலும் நீக்கிவிட வேண்டும்.

வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது; சில தோட்டாக்களிலேயே சூடேறிக் குறி விலகும். மான் எதிர்ப்படும் வேளையிலோ குழல் குளிர்ந்திருக்கும், முதல் தோட்டாதான் கணக்கு. ஆகவே, தேர்ந்தெடுத்த கலவையை ஒரே தாளில், பத்து வெவ்வேறு காலைகளில், காலைக்கு ஒரே ஒரு தோட்டா வீதம் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் பகுதி சுமார் எட்டு அங்குலம். 100 கஜத்தில் பத்துத் துளைகளும் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கினால், 300 கஜத்திலும் சிதறல் ஏறத்தாழ ஆறு அங்குலத்தைத் தாண்டாது. காயத்தோடு ஓடி எங்கோ மெல்ல மடியும் விலங்கின் வேதனைக்கு அந்தக் கலவை காரணமாகாது. அந்த நிலையில் தேடலை நிறுத்திவிட்டு, மீதமுள்ள மருந்தை மண்டியிட்டும் அமர்ந்தும் சுட்டுப் பழகுவதற்குச் செலவிடட்டும்.