போர்க்கப்பலுக்குள் எப்போது ஏறுவது, எதை விட்டுவிடுவது: கேள்வி பதில்

புது ஊரில் இறங்கியதும் கப்பல் மியூசியம் எந்தப் பக்கம் என்று தேடுகிற ஆள் நான். வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு தனிக்கதை. போர், கடல் சார்ந்த அருங்காட்சியகங்களைப் பற்றி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: லண்டனில் மூன்று நாள் இருப்போம். பெல்ஃபாஸ்ட் கப்பல், இம்பீரியல் வார் மியூசியம், கிரீனிச் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். ஆனால் மூன்றாவது இடத்தில் நுழையும்போது உங்கள் கண் பீரங்கியைத் தேடாது, உட்கார பெஞ்சு எங்கே என்றுதான் தேடும். ஒரு நாளைக்கு ஒரு கப்பல், ஒரு கட்டடம், அதிலும் கப்பல்தான் முதலில் என்பது என் கணக்கு. கப்பலைப் பார்ப்பது கண்ணுக்கான வேலை மட்டும் இல்லை, முழங்காலுக்கும் முதுகுக்கும் சேர்த்துத்தான். பெல்ஃபாஸ்டில் ஒன்பது தளங்கள், பெரும்பாலும் செங்குத்தான இரும்பு ஏணிகள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும் என்பதால் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு ஏணிக்கும் வரிசை. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். முன்பக்கப் பீரங்கிகளுக்குப் பின்னால் நின்று அந்தத் திசையைப் பாருங்கள், அவை குறிவைத்திருப்பது சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகள் நின்று போகிற ஒரு இடத்தை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பலகையில் எழுதிய தூரம் அப்போதுதான் மண்டையில் ஏறும்.

அப்புறம் பக்கத்திலேயே படகு பிடித்து ஆற்று வழியாகக் கிரீனிச். அங்கே தேசியக் கடல்சார் மியூசியத்தில், 1805 டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் போட்டிருந்த கோட்டு இருக்கிறது, இடது தோளில் குண்டு நுழைந்த ஓட்டையோடு. அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கால் வலிக்கிறவரை பாருங்கள். இம்பீரியல் வார் மியூசியத்துக்கு வேறொரு நாள்.

கேள்வி: அண்ணே, அப்பாவுக்கு 70 வயது, மூட்டு வலி வேறு. போர்க்கப்பலுக்குக் கூட்டிப் போகலாமா?

மேல்தளம் வரை தாராளமாக. அதற்குக் கீழே அவர் முழங்கால் என்ன சொல்கிறதோ அதன்படி. இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, வீட்டு மாடி ஏணியில் இறங்குகிற மாதிரியே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள், முன்பக்கம் திரும்பி இறங்கப் பார்த்துத்தான் பலர் வழுக்குகிறார்கள். கதவு நிலைகளின் கீழ்ப்பகுதி தரையிலிருந்து உயர்ந்திருக்கும், காலில் இடிக்கும். தலைக்கு மேலே குழாய்கள்.

விமானம் தாங்கிக் கப்பல் என்றால் பாடு குறைவு. நியூயார்க்கில் இன்ட்ரெபிட்டின் உள்தளம் ஒரு மைதானம் மாதிரி விரிந்திருக்கும், லிஃப்டும் உண்டு.

கேள்வி: மூடிய இடம் என்றால் எனக்கு மூச்சு முட்டும். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போக ஆசை. சமாளிக்க முடியுமா?

உங்களுக்குத்தான் தெரியும், ஆனால் ஒன்று: பெரும்பாலான நீர்மூழ்கிகளில் ஒருவழிப் பாதைதான். நடுவில் பயம் வந்தால் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள், திரும்ப முடியாது. அதனால் ஆள் குறைவான நேரத்தில் போய், வாசலில் இருக்கும் ஊழியரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஏறுங்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிற குர்சுரா ஆரம்பிப்பதற்கு நல்லது. சோவியத்தில் கட்டி நம் கடற்படையில் ஓடிய கப்பல், இப்போது கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், 91 மீட்டர் நீளம், பக்கவாட்டில் வெட்டிய கதவு வழியாக நுழைந்து மறுமுனையில் வெளியே வரலாம். உள்ளே போகவே முடியாது என்றால் சிகாகோவில் யு-505 இருக்கிறது. 1944 ஜூனில் அமெரிக்கக் கடற்படை பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி, கூரைக்குக் கீழே முழு உடம்பும் தெரிய நிற்கும், சுற்றி வந்து பார்த்தாலே போதும்.

கேள்வி: ஸ்டாக்ஹோமில் எல்லோரும் வாசா, வாசா என்கிறார்கள். முதல் பயணத்திலேயே மூழ்கிய கப்பலில் அப்படி என்ன பெருமை?

பெருமை ஒன்றும் இல்லை, அதுதான் அழகு. 1628 ஆகஸ்ட் 10, ராஜாவின் புத்தம்புதுக் கப்பல், 64 பீரங்கி, கரையில் ஊரே வேடிக்கை பார்க்கிறது. ஒன்றேகால் கிலோமீட்டர் தாண்டியிருக்கும், ஒரு காற்று வீசியது, சாய்ந்தது, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்தது, அவ்வளவுதான். மேலே கனம் அதிகம், அடியில் அகலம் போதவில்லை. இதில் கொடுமை என்னவென்றால் கிளம்புவதற்கு முன்பே முப்பது ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள், கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்துபோய்ச் சோதனையை நிறுத்திவிட்டு, அப்புறமும் அனுப்பியிருக்கிறார்கள்! விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. (அலுவலகத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.)

பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கிற கப்பல்புழு அங்கே வாழாது. அதனால்தான் 1961-ல் தூக்கியபோது கப்பல் ஏறக்குறைய முழுசாக வந்தது. உலர்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்று 17 வருஷம் ஒரு ரசாயனக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். கப்பலுக்குள் ஏற விடமாட்டார்கள், சுற்றியுள்ள மாடிகளிலிருந்துதான் பார்க்க வேண்டும், மூட்டு வலிக்காரர்களுக்கும் அது வசதி. மரத்துக்காக உள்ளே 20 டிகிரியைத் தாண்டாமல் வைத்திருப்பார்கள், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. சலித்துவிடுமே?

பலகைகளைப் படித்துக் காட்டாதீர்கள். "இத்தனை பேர் எங்கே தூங்கினார்கள், கக்கூஸ் எங்கே, கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஓடும்.

கேள்வி: சிட்னி போகிறேன் சார். ஏதாவது உண்டா?

கடல்சார் அருங்காட்சியகத்தில் வாம்பயர் என்ற போர்க்கப்பலும் ஆன்ஸ்லோ நீர்மூழ்கியும் இருக்கின்றன, ஏறிப் பார்க்கலாம். ஆனால் ஹைட் பார்க்கின் ஒரு மூலையில் நிற்கிற ஒற்றைப் பீரங்கியை விடாதீர்கள். அது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுடையது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போய், நாம் இன்றைக்கும் கண்டிப்பான ஆளை "அவர் ஒரு எம்டன்" என்று சொல்ல வைத்த அதே கப்பல். அதே வருஷம் நவம்பரில் கோகோஸ் தீவுகள் பக்கம் அதை அடித்து முடித்த ஆஸ்திரேலியக் கப்பலின் பெயரும் சிட்னிதான். டிக்கெட் கிடையாது, நடந்து போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: இதெல்லாம் போரைப் பெருமைப்படுத்துவது மாதிரி இல்லையா?

சில இடங்களில் அப்படித்தான், மறுக்கவில்லை. நான் ஒன்று செய்வேன்: செத்தவர்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது, யார் செத்தவர்கள் என்று தேடுவேன். இன்ட்ரெபிட் வியட்நாம் போருக்கு மூன்று முறை போன கப்பல், அங்கே உங்கள் கண்ணில் படுவது விமானங்கள். ஹோ சி மின் நகரத்தில் போர் எச்சங்கள் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே அதே போரின் கீழ்ப்பக்கம், குண்டு விழுந்த இடத்து மனிதர்களின் புகைப்படங்கள். இரண்டையும் பார்த்தவனுக்கு, இரண்டில் எதுவும் தனியாக முழுக்கதை என்று தோன்றாது. வியன்னா ராணுவ மியூசியத்தில் 1914-ல் சராயேவோவில் சுடப்பட்டு, முதல் உலகப் போருக்குக் காரணமான ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டின் ரத்தக்கறை படிந்த சீருடையும் அவர் போன காரும் இருக்கின்றன. அதன் முன்னால் யாரும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கேள்வி: டிக்கெட் முன்கூட்டியே எடுக்கணுமா?

டிக்கெட்டை விடுங்கள், கப்பல் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீரில் மிதக்கிற இரும்புக் கப்பலைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை அடிப்பாகம் பார்க்க உலர்துறைக்குக் கொண்டுபோவார்கள். நான் ஒரு ஊரில் இரண்டு பஸ் மாறிப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பலத்த காற்றடித்தாலும் மேல்தளத்தை மூடுவார்கள். ஐரோப்பாவில் பல மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை.

கேள்வி: மனைவிக்கு இதில் துளிகூட ஆர்வம் இல்லை. எப்படி வரவைப்பது?

வரவைக்காதீர்கள். மூன்று மணி நேரம் அவர் வழி அவருக்கு, உங்கள் வழி உங்களுக்கு. நான் ஒருமுறை இழுத்துக்கொண்டு போனேன், எஞ்சின் அறையில் நின்று பதினைந்து நிமிஷம் விளக்கம் வேறு சொன்னேன். இரண்டாவது டிக்கெட்டும் தண்டம், அன்றைய சாயங்காலமும் தண்டம்.