ஐசியூவில் இருந்து வீடு வந்த பிறகு

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நிமோனியாவில் வென்டிலேட்டர் வரை போன என் அப்பா (வயது 63) வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனால் அப்பா, "என்னைக் கப்பல்ல கட்டிப் போட்டிருந்தாங்க. நீயும் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தே" என்கிறார். ராத்திரி தூங்குவதே இல்லை. புத்தி பேதலித்துவிட்டதா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லையம்மா, பயப்படாதீர்கள். கடுமையான நோய், மயக்க மருந்து, தூக்கக் கேடு எல்லாம் சேரும்போது ஐசியூவில் பலருக்கு டெலிரியம் என்ற மனக்குழப்பம் வரும். கண்டதும் கேட்டதும் கனவோடு கலந்து, உண்மையில் நடந்தது போலவே மனதில் பதிந்துவிடும். ட்யூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கையைத் துணியால் கட்டி வைப்பதுண்டு. காற்று மெத்தை மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். கப்பலும் கட்டும் அங்கிருந்து வந்திருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நின்றதும் உண்மைதானே!

இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் வராது. நான் ஐசியூவில் வேலை பார்த்த காலத்தில், குணமாகி மறுபரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர், "அன்னைக்கு ராத்திரி பூரா தண்ணி கேட்டேனே, ஏம்மா யாருமே தரலை?" என்றார். வாயில் ட்யூப் இருந்ததால் அவர் குரல் வெளியே வந்திருக்கவே முடியாது. அந்த இரவைப் பற்றி நர்ஸ் குறிப்பில் இருந்தது ஒரே வரி: 'நோயாளி அமைதியின்றி இருந்தார்.' நோயாளிகள் வாயாலேயே கேட்டு எழுதும் செவிலியர் ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அவற்றில் உங்களுக்கு உதவக் கூடியது ஐசியூ நாட்குறிப்பு. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நர்சுகள் வளர்த்தெடுத்த வழக்கம் இது. நோயாளி நினைவின்றிக் கிடக்கும் நாட்களில், நர்சும் குடும்பத்தாரும் அன்றன்று நடந்ததை அவருக்கே கடிதம் எழுதுவது போல எழுதி வைப்பார்கள். போட்டோவும் சேர்ப்பதுண்டு. தேறிய பிறகு அவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஐரோப்பாவின் 12 மருத்துவமனைகளில் 352 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. நாட்குறிப்பு பெற்றவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் பிடிஎஸ்டி என்ற மன அதிர்ச்சி நோய் புதிதாக வந்திருந்தது. ஆனால் பிரான்சில் 35 ஐசியூக்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதைக் கைகண்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். காணாமல் போன நாட்களில் தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதற்காகவே எழுதலாம் என்பது என் கட்சி.

இப்போதும் எழுதலாம். மருந்துக்கடை பில்லில் தேதி இருக்கும். சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் போனிலேயே இருக்கும். 'செவ்வாய் சாயங்காலம் ட்யூப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை உங்கள் கையைப் பிடித்தேன், விரலை அசைத்தீர்கள்' என்கிற மாதிரி எழுதுங்கள். அவர் கேட்கும்போது கொடுங்கள், படிக்கையில் கூடவே உட்காருங்கள். "அதெல்லாம் கனவுப்பா, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றரை மாதமாகத் தூக்கமில்லை என்பதைச் சும்மா விடக் கூடாது. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், கப்பல் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் தேறி வரும் அனுபவம் பற்றி ஆய்வு செய்ய ஆசை. "பத்துப் பதினைந்து பேரிடம் கதை கேட்பதெல்லாம் ஆய்வா?" என்கிறார்கள் தோழிகள்.
- மாணவி, சேலம்

பதில்: ஆய்வேதான். எத்தனை பேருக்குத் தேறியது என்பதற்குத்தான் பெரிய எண்ணிக்கை வேண்டும். எப்படித் தேறினார்கள் என்பதற்கு, புதிதாக எதுவும் வராத வரை ஒவ்வொருவரிடமும் ஆழமாகக் கேட்டால் போதும். நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் சம்மதமும் முதலில். அப்புறம், வார்டில் வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். அங்கே எல்லோரும் "நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். சம்மதித்தால் வீட்டுக்கே போங்கள், யூனிஃபார்ம் வேண்டாம். "எப்படி இருக்கீங்க" என்று ஆரம்பிக்காமல், "வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள்.