டூல்பாக்ஸ் திறக்காததற்குப் பிரிண்டரைத் திருப்பித் தரலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லினக்ஸும் பிரிண்டரும்தான். நீளமான புலம்பல்களை வெட்டிவிட்டு, விஷயத்தை மட்டும் வைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஹெச்பி பிரிண்டர் வாங்கி இருபது நாள் ஆகிறது. உபுண்டு லினக்ஸில் ஹெச்பிலிப் என்கிற ஹெச்பியின் பிரிண்டர் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். மெனுவில் அதன் டூல்பாக்ஸை அழுத்தினால் கர்சர் ஒரு நொடி சுற்றுகிறது, அவ்வளவுதான். ஜன்னலும் வருவதில்லை, பிழைச்செய்தியும் வருவதில்லை. மூன்று முறை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று. பிரிண்டரே பழுது என்று சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அச்சு வருகிறதா? கடிதம் முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வருகிறது என்றே நினைக்கிறேன். வராமலிருந்தால் அதைத்தானே முதலில் எழுதியிருப்பீர்கள்?

லினக்ஸில் அச்சடிக்கும் வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்கிற சேவை. டூல்பாக்ஸ் ஒரு முகப்பு மட்டுமே. மை எவ்வளவு இருக்கிறது, ஹெட்டைச் சுத்தம் செய்யணுமா என்று காட்டும். அது படுத்துக்கொண்டாலும் அச்சு பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 631 போடுங்கள். கப்ஸின் சொந்தப் பக்கம் திறக்கும். அங்கிருந்து ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள். காகிதம் ஒழுங்காக வெளியே வந்தால் கருவியில் குறையில்லை. குறையில்லாத பொருளைப் பழுது என்று சொல்லித் திருப்புவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

இனி டூல்பாக்ஸ். மெனுவிலிருந்து திறந்தால் ஏன் விழுந்தோம் என்று சொல்ல அதற்கு வழியில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, ஹெச்பி-டூல்பாக்ஸ் என்று அதன் பெயரை அடித்து ஓட்டுங்கள். ரூட் என்கிற நிர்வாகியின் உரிமையைத் தரும் சூடோவை முன்னால் போடாதீர்கள். போட்டால் உங்கள் கோப்புறைக்குள் ரூட் பெயரில் கோப்புகள் உருவாகி, அது இன்னொரு தலைவலியாகலாம். டூல்பாக்ஸ் பைத்தான் என்கிற நிரல்மொழியில் எழுதியது. விழும்போது பத்துப் பதினைந்து வரிகளைக் கொட்டும். பயந்துவிடாமல் கடைசி வரியை மட்டும் படியுங்கள். பைக்யூடி, டிபஸ் மாதிரி ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி 'மாட்யூல் இல்லை' என்று வந்தால், பைத்தானுக்கு வேண்டிய துண்டு ஒன்று கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அனகோண்டா என்கிற தனிப் பைத்தான் தொகுப்பைப் போட்டிருந்தாலோ, 'பழசா இருக்கே' என்று கணினியின் இயல்பான பைத்தானை மாற்றியிருந்தாலோ இப்படித்தான் ஆகும். கம்பெனி தளத்தில் எடுத்த இன்ஸ்டாலர் ஒரு தடவை, உபுண்டுவின் சொந்தத் தொகுப்பு ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் இதே கதி. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு உபுண்டுவின் தொகுப்புக்கு. முகப்பு அதில் ஹெச்பிலிப்-ஜியுஐ என்று தனியாக இருக்கும், அதையும் சேர்த்துப் போடணும். என்ன குறைகிறது என்று ஹெச்பி-செக் கட்டளை பட்டியலே போட்டுக் காட்டும்.

மூன்று முறை நீக்கிப் போட்டும் பலனில்லை என்றீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தொகுப்பை நீக்கினாலும், உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும் ஹெச்பிலிப் கோப்புறை அப்படியே இருக்கும். பழைய அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். சில மாடல்களுக்கு இது போக ஒரு பிளக்கினும் வேண்டும். அதன் பதிப்பும் ஹெச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்கணும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் 'நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது' என்று எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: கணினியைத் திறக்கும்போதெல்லாம் 'சிஸ்டம் ட்ரே இல்லை, தொடங்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வருகிறது. பிரிண்டர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. ஹெச்பிலிப்பின் ஐகானுக்குத் திரை ஓரத்துச் சிஸ்டம் ட்ரேயில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்று அழுகிறது. தொடக்கச் செயலிகள் பட்டியலில் ஹெச்பி-சிஸ்ட்ரேயை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பாதி விலைக்குத் தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு லேசர் பிரிண்டர் வாங்கிவிட்டேன். பெட்டியையும் பிரித்தாயிற்று. லினக்ஸில் வேலை செய்யுமா?

பதில்: இதை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். மாடல் பெயரையாவது எழுதினீர்களா? அதுவும் இல்லை.

சரி, உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கும் இல்லை. நானும் ஒருமுறை விலையை மட்டும் பார்த்துச் சின்னதாக ஒரு லேசர் வாங்கினேன். ஏன் அவ்வளவு மலிவு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்று பக்கத்தை விவரிக்கும் எந்த மொழியும் அதற்குத் தெரியாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக்கித் தரும் வேலை முழுவதும் கணினியின் தலையில். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரை இயக்கும் உள் நிரலை, கணினியிலிருந்து ஊட்ட வேண்டும். மின்சாரம் போய் வந்தால் எல்லாம் மறந்துபோகும். கப்ஸில் 'முடிந்தது' என்று வரும், பச்சை விளக்கும் எரியும், தட்டில் மட்டும் காகிதம் இருக்காது. ஒரு மாதம் கேபிளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாடலோடு திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரரும் 'போட்டவுடனே ஓடும்' என்றார். டிரைவரை நிறுவினேன், அச்சு வரவில்லை. பிழைப் பதிவேட்டில் (லாக்) 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வருகிறது. ஆனால் கோப்பு அதே இடத்தில் இருக்கிறது, என் கண்ணால் பார்க்கிறேன். கம்பெனியில் கேட்டால் 'லினக்ஸுக்கு உதவி கிடையாது' என்கிறார்கள். கடையிலோ 'பிரித்த பெட்டியை வாங்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள், பெட்டியையும் படித்திருக்கிறீர்கள்.

கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று கணினி சொல்வது பழைய வித்தை. அந்த டிரைவர் 32 பிட்டுக்குக் கட்டியது, உங்கள் கணினி 64 பிட். டிரைவரைத் தூக்கி ஓடவைக்கும் 32 பிட் லோடர் உங்களிடம் இல்லை. கணினி 'இல்லை' என்பது அந்த லோடரை. ஆனால் பெயர் சொல்வது டிரைவரை. 32 பிட் நூலகங்களை நிறுவினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதை இன்றைக்கே செய்து பாருங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். பெட்டியில் 'லினக்ஸ்' என்று ஒரு சொல்லை அச்சிட யாருக்கும் எதுவும் செலவாவதில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? எந்தக் காலத்திலோ கட்டிய ஒரு கோப்பு தளத்தின் மூலையில் கிடக்கிறது என்பதாக இருக்கலாம். அச்சு மட்டும் வரும், ஸ்கேனர் வராது என்பதாக இருக்கலாம். இன்டெல் வகைக் கணினியில் மட்டும் ஓடும், ராஸ்பெர்ரி பை மாதிரிச் சின்னக் கணினியில் செருகினால் திரும்பிக்கூடப் பார்க்காது என்பதாகவும் இருக்கலாம். மூலநிரல் கையில் இருந்தால் யாராவது புதிதாகக் கட்டித் தந்துவிடுவார்கள். மூடிவைத்த டிரைவரைக் கம்பெனி கைவிட்ட நாளில் நாமும் கைவிடப்படுகிறோம். பிரிண்டர் பத்து வருடம் உழைக்கிற இரும்பு, டிரைவரோ இரண்டு அப்டேட் தாங்காத தாள். விற்கிறவருக்கு இது தெரியும், வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை. பால் பாக்கெட்டில்கூட எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்று போட்டிருக்கிறது. டிரைவருக்கு அதைப் போடச் சொன்னால் எவ்வளவு தயக்கம்!

நூலகம் போட்டும் வரவில்லை என்றால் கடையை விடாதீர்கள். 'பிரித்த பெட்டி' என்பது மனம் மாறித் திருப்புகிறவர்களுக்குச் சொல்கிற பதில். பெட்டியில் எழுதியதை பிரிண்டர் செய்யவில்லை என்பது உங்கள் புகார். இரண்டும் வேறு. பெட்டியில் அந்தச் சொல் இருக்கும் இடத்தைப் படமெடுங்கள். பிழைச்செய்தியை அப்படியே நகலெடுங்கள். 'உதவி கிடையாது' என்று கம்பெனி சொன்னதை மின்னஞ்சலில் வாங்குங்கள். மூன்றையும் பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் கத்தினால் ஒரு தடயமும் மிஞ்சாது.

கேள்வி: பிரிண்டர் செயலி நின்றுவிட்டது என்று இணையத்தில் தேடி, கிடைத்த 'உதவி எண்'ணில் பேசினேன். என் திரையை எடுத்துக்கொண்டு ஏதேதோ காட்டினார்கள், வைரஸ் என்றார்கள். கார்டில் பணம் கட்டினேன். இப்போது யாரும் போன் எடுப்பதில்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியது அவர்கள். பிரிண்டரில் மாட்டிக்கொண்டவர்களைக் குறிவைத்தே இப்படிப் போலி எண்களைப் பரப்புகிறார்கள். கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். இன்னொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கியை அழைத்துக் கார்டை முடக்கி, பரிவர்த்தனை மோசடி என்று பதியச் சொல்லுங்கள். அவர்கள் போட்ட செயலி எது என்று தெரியாவிட்டால், ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு லினக்ஸையே புதிதாக நிறுவிவிடுங்கள். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று இன்னொருவர் கூப்பிடலாம். அவரும் அந்தக் கூட்டம்தான். வீட்டிலும் சொல்லிவிடுங்கள், அடுத்த அழைப்பை அவர்கள் எடுக்கக்கூடும்.

கேள்வி: லினக்ஸ் டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் செயலி ஒன்று காசுக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: இதுவரை பிரிண்டர் வாங்கியதில்லை. லினக்ஸ் மட்டும்தான் வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியில் லினக்ஸ் என்ற சொல்லைத் தேடாதீர்கள். ஏர்பிரிண்ட், மோப்ரியா, ஐபிபி எவ்ரிவேர் இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஏர்பிரிண்ட் 2010-இல் ஆப்பிள் தன் ஐபோன்களுக்காகக் கொண்டுவந்தது. மோப்ரியா அமைப்பைப் பிரிண்டர் கம்பெனிகள் 2013-இல் தொடங்கின. கைபேசியில் டிரைவர் போட முடியாது என்பதால், டிரைவரே இல்லாமல் அச்சடிக்க ஒரு வழி பிறந்தது. நமக்காக யாரும் யோசிக்கவில்லை, ஆனாலும் பலன் நமக்கும் கிடைத்தது. இப்படிப்பட்ட பிரிண்டரை வைஃபையில் சேர்த்தால் கப்ஸ் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். யுஎஸ்பி என்றால் ஐபிபி-யுஎஸ்பி என்ற சின்னத் தொகுப்பு பார்த்துக்கொள்ளும், பிரிண்டருக்கும் அந்த வசதி இருந்தால். ஸ்கேனரும் சேர்ந்தது வேண்டுமென்றால் டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்யும் ஈஎஸ்சிஎல் முறை இருக்கிறதா என்று கேளுங்கள், லினக்ஸின் சேன்-ஏர்ஸ்கேன் தொகுப்பு அதோடு பேசும். கப்ஸும் பழைய பாணி டிரைவர்களுக்கு விடைகொடுக்கும் பாதையில்தான் போகிறது. இனிமேல் டிரைவரை நம்பி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: உங்களுடைய அந்த மலிவு லேசர் என்ன ஆயிற்று?

பதில்: பரண்மேல் இருக்கிறது. டோனர் இன்னும் பாதி மிச்சம்.