பச்சையா சிவப்பா: கிராபிக்ஸ் கார்ட் கேள்வி பதில்

கொம்பியூட்டரில் கேம், படம் எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவரும் கிராபிக்ஸ் கார்ட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் "என்விடியாவா, ஏ.எம்.டி.யா" என்பதுதான். கார்டுக்குச் சிப் செய்யும் இந்த இரண்டு கம்பனிகளில் என்விடியாவைப் பச்சை என்றும் ஏ.எம்.டி.யைச் சிவப்பு என்றும் சொல்வார்கள். சிலர் கேட்க வரவில்லை, தங்கள் கம்பனிக்காகச் சண்டைக்கே வந்திருந்தார்கள். நான் வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடி 18 வருஷமாக மெஷின் பூட்டிக் கொடுக்கிறேன், திருத்துகிறேன். எந்தக் கடைக்கும் கம்பனிக்கும் ஆள் இல்லை. ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நான் ஜிடிஎக்ஸ் 750 டிஐ காலத்தில் இருந்து பச்சைப் பக்கம்தான். இப்போது அதே காசுக்கு ஏ.எம்.டி.யின் ரேடியன் கூடுதலாக ஓடும் என்கிறார்கள். மாற மனம் வரவில்லை. மாறலாமா? (கொட்டாஞ்சேனை)

மாறலாம் தம்பி. மனம் வராததும் எனக்கு விளங்குகிறது. இங்கே பலருக்கு ஒரு கார்ட் என்பது இரண்டு மூன்று மாதச் சம்பளம். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாமானை ஒருவர் குறை சொன்னால் எங்களையே குறை சொன்ன மாதிரி இருக்கும். அதனால் கம்பனிக்காகப் பேசத் தொடங்குகிறோம். பேசிப் பேசியே அடுத்த தடவையும் அதையே வாங்குகிறோம். முதல் கார்ட் நன்றாக உழைத்திருந்தால் அந்த நன்றியும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் 750 டிஐ உண்மையிலேயே நல்ல கார்ட். 2014இல் வந்தது, 60 வாட்ஸ்தான் குடிக்கும், பலவற்றுக்குத் தனியாகப் பவர் வயர்கூடத் தேவையில்லை. ஆனால் அது அந்த வருஷத்துச் சிப்பின் கெட்டித்தனம். இன்றைக்கு வாங்கப்போகும் சிப்பை இன்றைக்கே எடைபோட வேண்டும்.

பழைய கதையைப் பாருங்கள். 2002இல் ஏ.டி.ஐ. கம்பனியின் ரேடியன் 9700 ப்ரோ வந்து என்விடியாவைப் பின்னுக்குத் தள்ளியது. அதற்குப் பதிலடியாக 2003இல் என்விடியா விட்ட ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் ஃபேன் சத்தம் இன்றும் பழைய ஆட்களுக்கு ஞாபகம். 2006இல் ஏ.எம்.டி., ஏ.டி.ஐ.யை வாங்கியது, அதே வருஷம் நவம்பரில் என்விடியாவின் 8800 ஜிடிஎக்ஸ் வந்து எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. இரண்டு பக்கத்தையும் நம்பி ஏறியவர்களும் உண்டு, சறுக்கியவர்களும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2008. என்விடியா ஜிடிஎக்ஸ் 280ஐ 649 டொலருக்கு விட்டது. கொஞ்ச நாளில் ஏ.எம்.டி., ரேடியன் எச்டி 4870ஐ 299 டொலருக்கு இறக்கியது. சில கிழமைகளிலேயே 280இன் விலை 499க்கு வந்துவிட்டது. அந்த 150 டொலரைக் குறைத்தது யார்? எப்படியும் பச்சைதான் வாங்குவேன் என்று நின்றவர்கள் இல்லை. விலை சரிவராவிட்டால் அடுத்த பக்கம் போகத் தயாராக இருந்தவர்கள். அவர்களால் பச்சை ஆட்களுக்கும் மலிவாகக் கிடைத்தது. நீங்கள் மாறாவிட்டாலும் பரவாயில்லை, மாறக்கூடிய ஆளாக இருங்கள்.

சிவப்புக் கார்டில் ட்ரைவர் பிரச்சினை என்கிறார்களே, உண்மையா?

ட்ரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். அதில் பிரச்சினை என்பது ஒரு காலத்தில் உண்மை. 2019இல் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வந்தபின் பல மாதங்களாகத் திடீரென்று திரை கறுத்துப்போகும் தொல்லை இருந்தது. பட்டவர்கள் மறக்க மாட்டார்கள், அது நியாயம். ஆனால் 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது அதே கறுப்புத் திரை பச்சைப் பக்கத்திலும் வந்தது, என்விடியா ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தம் விடவேண்டி வந்தது. ஒரு கம்பனிக்கு ஒட்டிய கெட்ட பெயர் பத்து வருஷம் போனாலும் கழுவுப்படாது. மற்றதன் பிழை இரண்டு மாதத்தில் மறந்துபோகும். இது சரியில்லை.

என்னிடம் "சிவப்புக்கு மாறினேன், தொங்குது" என்று வரும் மெஷின்களில் நிறைய, பழைய பச்சை ட்ரைவரை அழிக்காமலே புதுக் கார்டைப் பூட்டியவை. டிடியு என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சேஃப் மோடில் போய் அதால் பழையதைத் துடைத்துவிட்டுப் புது ட்ரைவரைப் போடுங்கள். முதலில் அதைச் செய்து பார்த்துவிட்டுக் கம்பனியைத் திட்டலாம்.

எந்தக் கம்பனிக் கார்ட் சூடாகாது? எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை. (தெமட்டகொட)

சிப் கம்பனியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பெரும்பாலான கார்டுகளை அவர்கள் செய்வதில்லை. அஸூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சஃபயர் போன்றவர்கள் சிப்பை வாங்கித் தங்கள் கூலரைப் பூட்டி விற்கிறார்கள். ஒரே சிப், இரண்டு கூலர், பத்துப் பாகை வித்தியாசம்கூட வரும். எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள், கேஸில் காற்றுப்போக வழி வையுங்கள்.

என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கிறது. டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் 40 வரிசையில் இருந்துதான் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு காலம் அவர்களையே வாங்கினேன், ஏமாந்த மாதிரி இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: டிஎல்எஸ்எஸ் என்பது கேமை வேகமாக ஓடவைக்க என்விடியா தரும் மென்பொருள் வசதி, ஃபிரேம் ஜெனரேஷன் அதில் இடையிடையே புதுப் படங்களைச் சேர்க்கும் பகுதி. உங்கள் கோபம் சரி. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? 2023இல் ஏ.எம்.டி. விட்ட, டிஎல்எஸ்எஸ் மாதிரியான எஃப்எஸ்ஆர் 3இன் ஃபிரேம் ஜெனரேஷன் உங்கள் 3060இலும் ஓடும். உங்கள் கம்பனி தராததை, நீங்கள் ஒரு சதமும் கொடுக்காத கம்பனி தந்தது.

உடனே சிவப்புக்குக் கும்பிடு போடவும் தேவையில்லை. 2025இல் எஃப்எஸ்ஆர் 4 வந்தபோது ஏ.எம்.டி.யும் அதை ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டும் என்றே விட்டது. முந்திய வரிசையின் 7900 எக்ஸ்டிஎக்ஸுக்குப் பெரிய காசு கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதே வருஷம் என்விடியாவோ, டிஎல்எஸ்எஸ் 4இல் படத்தைப் பெரிதாக்கும் பகுதியைப் பழைய 20 வரிசை வரைக்கும் கொடுத்தது. அது உங்கள் 3060க்கும் உண்டு, போட்டுப் பாருங்கள், படம் தெளிவாகத் தெரியும்.

கார்டின் நினைவகம் 8 ஜிபியா 16 ஜிபியா? இரண்டும் ஒரே பெயரில் இருக்கிறதே.

16. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8, 16 என்று இரண்டு அளவில் வந்தன, வெளியான நேரம் இரண்டு பக்கமும் வித்தியாசம் 50 டொலர். புதுக் கேம்கள் சிலவற்றில் 8 ஜிபி நிரம்பிப் படம் இழுபடும், இல்லாவிட்டால் சுவர், தரை எல்லாம் மங்கலாகத் தெரியும். நாங்கள் ஒரு கார்டை ஐந்தாறு வருஷம் பாவிக்கிற ஆட்கள். அந்தக் கூடுதல் காசு வீண்போகாது.

நான் கோபப்படுவது ஒரே பெயரை வைத்து இரண்டு சாமான் விற்பதில்தான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060இன் 3 ஜிபியில் நினைவகம் மட்டுமா குறைவு? உள்ளே கோர்களும், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகளும், 1280க்குப் பதிலாக 1152. ஏ.எம்.டி.யும் 2017இல் ஆர்எக்ஸ் 560 என்ற அதே பெயரில் 1024 கோரும் விற்றது, 896 கோரும் விற்றது. ஜிடிஎக்ஸ் 970இல் 4 ஜிபி என்று போட்டு, கடைசி அரை ஜிபி மெதுவாக ஓடியது தெரியவந்தபோது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டொலர் கொடுக்க 2016இல் என்விடியா சம்மதித்தது. அந்தக் காசு வரக் காரணம், தாங்கள் விரும்பி வாங்கிய கம்பனியையே கேள்வி கேட்டவர்கள். அது எனக்குப் பெரிய விஷயம். பெட்டியில் உள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள், மொடல் இலக்கத்தை முழுதாக வாசியுங்கள்.

அண்ணா, மொறட்டுவையில் படிக்கிறேன். கடைசி வருஷப் புரொஜெக்ட் மெஷின் லேர்னிங், இடையில் பிளெண்டரில் 3டி வேலையும் செய்வேன். எல்லோரும் என்விடியா என்கிறார்கள். இதுவும் வெறும் பிராண்ட் பைத்தியமா?

இல்லைத் தங்கச்சி. உங்களுக்கு என்விடியா எடுப்பதே நல்லது. கேம் அல்லாத கணக்குகளையும் கார்டில் ஓட்டவைக்கும் அவர்களின் கூடா மென்பொருள் 2007இல் வந்தது. அன்றில் இருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிய நிரல்களில் பெரும்பகுதி அதன் மேல்தான் நிற்கிறது. ஏ.எம்.டி.யின் அதேபோன்ற ஆர்ஓசிஎம் 2016இல் வந்தது, வளர்ந்துகொண்டு இருக்கிறது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு எரர் வந்தால் உங்கள் சீனியர்களில் யாராவது தீர்வு சொல்லக்கூடியது கூடாவுக்குத்தான். பிளெண்டரிலும் ரெண்டர் வேகம் அந்தப் பக்கம்தான் கூட. பணம் குறைவு என்றால் வேகத்தை விட்டுக்கொடுங்கள், நினைவகத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். 12 ஜிபி உள்ள பழைய 3060கூட உங்களுக்கு உதவும்.

இன்டெல் கார்ட்?

2024 டிசம்பரில் ஆர்க் பி580 வெளியானபோது 12 ஜிபியோடு 249 டொலர். நல்ல முயற்சி, மூன்றாவது ஆள் இருப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் மதர்போடில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்க வேண்டும். பழைய மெஷினில் போட்டால் காசு போச்சு.

எங்கள் வட்ஸ்அப் குரூப் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஸ்கூலில் இருந்து ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது கார்டுக்காகக் கதைக்காமல் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று சொல்லுங்கள். (வத்தளை)

வாசிக்கவே கவலையாக இருந்தது. சரி, இதை அவர்களுக்கு அனுப்புங்கள். இன்றைய பச்சைச் சிப்பும் சிவப்புச் சிப்பும் தாய்வானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே கம்பனியில்தான் செய்யப்படுகின்றன. இன்டெல் ஆர்க் சிப்புகளும் அங்கிருந்துதான் வருகின்றன. என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், ஏ.எம்.டி.யின் தலைவி லீசா சூ இருவருமே தாய்வானில் பிறந்தவர்கள், தூரத்துச் சொந்தக்காரர்களும்கூட. அவர்கள் கடுமையாகப் போட்டி போடுகிறார்கள், அது அவர்கள் தொழில். வத்தளையில் இரண்டு நண்பர்கள் முகம் பாராமல் இருப்பதில் அவர்களுக்கு எந்த இலாபமும் இல்லை.

1996இல் வூடூ கார்டோடு வந்த 3டிஎஃப்எக்ஸ் கம்பனிக்காகவும் இப்படி உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். 2000 கடைசியில் அதன் சொத்துகளை என்விடியா வாங்கிவிட்டது. அந்தக் காலத்தில் எனக்குக் கொம்பியூட்டர் காட்டித்தந்த ஒரு அண்ணா வூடூதான் உலகம் என்றிருந்தவர். கம்பனி இல்லாமல் போய்விட்டது; அவரோடு சண்டை பிடித்த நண்பர்தான் இன்றும் அவர் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாக வருகிறார். உங்கள் குரூப்பில் யாராவது ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போய் ஒரு கேம் விளையாடிவிட்டு வரட்டும். இரண்டும் நன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

எந்தப் பிராண்டுக்கு இலங்கையில் வொரண்டி நல்லம்?

அந்தப் பிராண்டுக்கு இங்கே முகவர் யார் என்று பார்த்துத்தான் சொல்லலாம். 2012இல் நான் எனக்குப் பிடித்த பிராண்ட் என்பதற்காகவே, முகவர் யார் என்று விசாரிக்காமல் ஒரு கார்ட் வாங்கினேன். எட்டாம் மாதம் செத்துப்போனது. கடை, இறக்குமதி செய்தவரைக் கைகாட்டியது. அவர் கடையைக் கைகாட்டினார். ஆறு மாதம் அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று தொடக்கம் பெட்டியில் முதலில் தேடுவது முகவரின் ஸ்டிக்கரைத்தான்.

இன்னொன்று, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. வெள்ளவத்தையில், கடல் பக்க மாடிகளில் உப்புக் காற்றுக்குக் கார்டின் ஸ்க்ரூ, ஓரத் தகடு எல்லாம் துருப்பிடிக்கும். துரு இருந்தால் வொரண்டி இல்லை என்று திருப்பி அனுப்பியதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே மெஷினை வைக்காதீர்கள்.

இக்மன் விளம்பரத் தளத்தில் பாவித்த ஆர்எக்ஸ் 580 ஒன்று மலிவாக இருக்கிறது. மைனிங் கார்ட் என்றால் விடவா?

2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியபின் கார்டால் அதைத் தோண்ட, அதாவது மைனிங் செய்ய, முடியாமல் போய், உலகமெங்கும் இவை சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தது என்பதற்காக மட்டும் விடவேண்டாம். ஃபேன் சத்தம் கேளுங்கள், அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கை பாருங்கள். 2304 இருந்தால் உண்மையான 580. 2048 என்று காட்டினால் அது குறைந்த வகை, அந்த விலைதான் கொடுக்க வேண்டும். விற்பவர் ஓட்டிக் காட்ட மறுத்தால் திரும்பி வாருங்கள்.

மகன் ஏ.எல். முடித்துவிட்டான். ஒரு குறிப்பிட்ட கம்பனிக் கார்ட்தான் வேண்டும், வேறு வாங்கினால் தொடமாட்டேன் என்கிறான். எனக்கு இதெல்லாம் தெரியாது. யூனிட்டி பிளாசாவுக்குப் போய் என்ன கேட்பது?

ஐயா, கடைக்குப் போக முன்னர் மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கேம் விளையாடுகிறாய், மொனிட்டர் எத்தனை பிக்சல், இப்போதுள்ள பவர் சப்ளை எத்தனை வாட்ஸ். இவற்றுக்குப் பதில் சொல்லி, அதனால்தான் இந்தக் கார்ட் என்று காரணம் காட்டினால் அவன் கேட்டதையே வாங்கிக் கொடுங்கள், பிள்ளை விஷயம் தெரிந்து கேட்கிறான். நண்பர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்றால், ஒரு பின்னேரம் அவனோடு இருந்து, அவன் விளையாடும் கேமையே அந்த விலையில் உள்ள இரண்டு கார்டிலும் ஓட்டிக் காட்டும் யூடியூப் வீடியோக்களைப் பாருங்கள். அவனே மாறினாலும் மாறுவான்.

கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், கார்டை அங்கேயே பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பில்லில் சீரியல் இலக்கத்தை எழுதுவியுங்கள். மலிவுப் பவர் சப்ளை மட்டும் வேண்டாம். கரன்ட் போய்ப் போய் வரும்போது முதலில் அடிபடுவது அதுதான், சில வேளை கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.