சதுரங்கம் ஆடிய ஆசிரியர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் காலமான என் அப்பா, தக்கலைக்கு அருகே முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு கற்பித்தவர். 1972-ல் நாகர்கோவிலில் கல்லூரி மாணவராக இருந்தபோது மதுரைப் பல்கலைக்கழக அணிக்குச் சதுரங்கம் ஆடியிருக்கிறார். அவருடைய நோட்டில் ‘பி-கே4’ என்பதுபோல் எழுதிய ஆட்டங்கள் உள்ளன; எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஓர் ஆட்டம் நாற்பதாவது நகர்வோடு முடிவின்றி நின்றுவிடுகிறது. இவ்வளவு ஆடியவர் ஏன் மேலே போகவில்லை, குடும்பத்துக்காக விட்டுவிட்டாரா என்று மனம் உறுத்துகிறது. நீங்கள் அவரை அறிவீர்கள் என்று அம்மா சொன்னார்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

சார் மறைந்த செய்தியை உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். நான் அவருடைய பள்ளியில் படித்தவனல்ல. 1984-ல் சனிக்கிழமை மாலைகளில் உங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சைக்கிளில் வந்து ஆடிய ஐந்தாறு பையன்களில் ஒருவன்.

மேலே போகவில்லை என்கிறீர்கள். அன்று மேலே என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1961-ல் மானுவல் ஆரோன் சர்வதேச மாஸ்டர் ஆனார். இந்தியாவில் அந்தப் பட்டத்தை அடுத்தவர் பெற 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய உலகத் தரப்பட்டியல் பொதுவாக 2200 புள்ளியில்தான் தொடங்கியது. சென்னையில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியதே 1972-ல்தான். குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-ல். ஆகவே உங்கள் அப்பா மதுரைக்கு ஆடப் போனபோது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் திருநெல்வேலி சென்று அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இங்கிருந்து ஒரு மாணவர் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றது பெரிய காரியம். அவர் பாதி வழியில் திரும்பியவர் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

விட்டுவிட்டார் என்பதையும் ஏற்க மாட்டேன். நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மழைநாளில் அவர் பலகையில் மூன்று காய்களை மட்டும் வைத்தார்: என் ராஜா, அதன் பக்கவாட்டில் ஒரு வரிசை பின்தங்கி நான்காம் வரிசையில் என் சிப்பாய், எட்டாம் வரிசையில் அவருடைய ராஜா. நகர்த்த வேண்டியவன் நான். ஆவலில் சிப்பாயைத் தள்ளினேன். அவர் தன் ராஜாவைச் சிப்பாயின் வழியில் கொண்டுவந்து நிறுத்தினார்; எவ்வளவு முயன்றும் சமன்தான். “சிப்பாயத் தள்ளாத மக்களே, ராஜா முன்னால போட்டு” என்றார். மறுபடி அதே நிலை. இம்முறை ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியது, சிப்பாய் அதன் பின்னால் வந்தது. ஓரச் சிப்பாய் அல்லாத எதற்கும், ஐந்தாம் வரிசையில் அது நிற்க ஆறாம் வரிசையில் அதற்கு நேர்முன்னே தன் ராஜா நின்றுவிட்டால், நகர்த்தும் முறை எவருடையதாயினும் வெற்றி உறுதி. எனக்குப் புரிந்ததும் அவர் பலகையைத் திருப்பி, தோற்கும் பக்கத்தை என்னிடம் தந்து, இருட்டும் வரை ஆட வைத்தார். வெறும் பொழுதுபோக்காக ஆடுகிறவரிடம் அந்தப் பொறுமையைப் பார்க்க முடியாது.

அதே திண்ணையில் முதியவர்களுடன் நாட்டு ஆட்டமும் ஆடுவார். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒருமுறை குதிரைபோல் தாவலாம். அந்த ஆட்டத்தையும் அவர் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை.

நோட்டுக்கு வருகிறேன். ‘பி’ சிப்பாய்; ‘கேடி’ என்றிருந்தால் குதிரை; ‘கே4’ என்பது ராஜாவின் நேர்வரிசையில், ஆடுபவர் பக்கத்திலிருந்து எண்ணினால் நான்காவது கட்டம். இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து எண்ணுவதால் வெள்ளையின் நான்கு கறுப்புக்கு ஐந்து. உங்களைக் குழப்பியது இதுவாகத்தான் இருக்கும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1981-ல் இம்முறையைக் கைவிட்டது.

நாற்பதில் நிற்கும் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்றே நினைக்கிறேன். அன்று முதல் தவணை பெரும்பாலும் நாற்பது நகர்வுகள். நேரம் முடிந்ததும், நகர்த்த வேண்டியவர் அடுத்த நகர்வைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுப்பார். மறுநாள் உறையைப் பிரித்து ஆட்டம் தொடரும். அதற்கு அவகாசமில்லாத போட்டிகளில் நடுவரே நிலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் உண்டு. அடுத்த நகர்வை எழுதிய தாள் உறைக்குள் போய்விட்டதால் நோட்டில் மேலே எழுத வழியில்லாமல் போயிருக்கலாம்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அவர் வெள்ளையா கறுப்பா என்பதையும் குறிப்பிடுங்கள். நாற்பது நகர்வுகளையும் பலகையில் ஆடிப் பார்த்து, அடுத்து அவர் என்ன எழுதியிருப்பார் என்று தேடுகிறேன். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாலை நோட்டோடு நீங்களே வாருங்கள்.