எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ் மாதிரி ஒரு டன்னை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ எடையுள்ள வண்டிகளைப் பற்றியவை. டயர் சோதனைகளில் முதலிடம் பிடித்ததை வாங்கி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறீர்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் இவற்றைவிடக் கனமான வண்டிகளில் நடக்கின்றன. 1,400 கிலோ வண்டி டயருக்குக் கொடுக்கிற அழுத்தமும், அதில் ஏற்றுகிற சூடும் வேறு. உங்கள் வண்டிக்கு எடையிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

2017 எம்எக்ஸ்-5, 2 லிட்டர் இன்ஜின். கம்பெனி டயர் 205/45 ஆர்17 (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம்). 225 போட்டால் வளைவில் பிடிப்பு கூடுமா? (லண்டன்)

காய்ந்த ரோட்டில், டயர் நன்றாகச் சூடேறிய பிறகு, கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்துக்காக நீங்கள் இழப்பது அதிகம்.

முதலில் சூடு. ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் ஓரளவு சூடானால்தான் ரோட்டைப் பிடிக்கும். அந்தச் சூடு வண்டியின் எடையும் வேகமும் சேர்ந்து ரப்பரைக் கசக்குவதால் வருவது. உங்கள் வண்டி சுமார் 1,050 கிலோ. அகலமான டயர் என்றால் அதே எடை அதிக ரப்பருக்குப் பங்காகிறது. லண்டனில் ஈரமான காலை நேரத்தில் அது கடைசி வரை சூடேறாமலே இருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். லேசான வண்டி, குறைந்த காற்று, அகலமான டயர் மூன்றும் சேர்ந்தால், தேங்கிய தண்ணீரில் சக்கரம் மிதக்கத் தொடங்குகிற வேகம் குறைந்துவிடும். மழை அதிகமுள்ள ஊரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அளவையும் போட்டுப் பாருங்கள். 225/45 ஆர்17 உங்கள் டயரைவிட விட்டத்தில் 18 மில்லிமீட்டர் பெரியது, ஏறக்குறைய 3 சதவீதம். கியர் நீண்டுபோகும், ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும். உங்கள் ரிம்மின் அகலம் 7 அங்குலம். 225 அதில் உட்காரும், ஆனால் பக்கச்சுவர் உள்பக்கமாக இழுபட்டு நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்புகிற அந்தச் சுறுசுறுப்புக்காகத்தானே இந்த வண்டியை வாங்கினீர்கள்? முதலில் போவது அதுதான்.

205-லேயே இருங்கள், ரப்பரின் தரத்தை உயர்த்துங்கள். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 5, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஸ்போர்ட் இரண்டுமே இந்த அளவில் வருகின்றன. ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி டயரின் சுமை எண் 84, அதாவது ஒரு டயர் 500 கிலோ தாங்கும். இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பல 88 எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கு வலுவாக்கிய) வகை, 560 கிலோ தாங்குபவை. உங்கள் வண்டி நிற்கும்போது ஒரு சக்கரத்தின் மேல் விழுவது சராசரியாக 260 கிலோதான். எக்ஸ்எல் போடுவதில் ஆபத்து இல்லை. ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் மேடு பள்ளம் கூடுதலாகத் தெரியும். நல்ல ரகத்தில் 84 கிடைத்தால் அதையே எடுங்கள்.

புது டயர் போட்டதிலிருந்து என் எம்எக்ஸ்-5 ரோட்டில் தத்தித் தத்திப் போகிறது. கடையில் காற்று 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்து அனுப்பியிருக்கிறார்கள். டயரில் கோளாறா? (ஹாரோ)

டயரைக் குறை சொல்வதற்கு முன் காற்றை இறக்குங்கள். தற்போதைய தலைமுறை எம்எக்ஸ்-5க்கு மாஸ்டா சொல்வது முன்னும் பின்னும் 29 பி.எஸ்.ஐ. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அது நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. கடைகளில் குடும்பக் கார்களுக்கு அடித்துப் பழகிய கை எல்லா வண்டிக்கும் 33, 36 என்று அடித்துவிடுகிறது. லேசான வண்டியில் அப்போது டயரின் நடுப்பகுதி மட்டுமே ரோட்டை அழுத்திப் பிடிக்கும், சின்னக் குழிக்கும் சக்கரம் துள்ளும். பல நூறு பவுண்டு கொடுத்து வாங்கிய டயர் சுமாரான டயர் மாதிரி ஆகிவிடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஓட்டுவதற்கு முன் அளந்து 29 வையுங்கள். அதிலிருந்து ஒன்று கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். இந்த எடையில் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் ஸ்டீயரிங்கில் நிஜமாகவே தெரியும். சொந்தமாக ஒரு நல்ல கேஜ், அதாவது காற்று அளக்கும் கருவி, வாங்கிவிடுங்கள். புது டயரின் மேல்பூச்சு போகும்வரை முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டவும் வேண்டும்.

இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5, டயர் 195/50 ஆர்15. அவ்வப்போது செப்பாங் டிராக்குக்குப் போகிறேன். ஒரே செட் செமி-ஸ்லிக் போட்டு வேலைக்கும் அதிலேயே போகலாமா? (கிள்ளான்)

வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்கு மேல் கொட்டுகிற மழை உங்களுக்குத் தெரியும். செமி-ஸ்லிக் என்பது டிராக்குக்கென்று செய்த டயர், அதில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. நெடுஞ்சாலையில் தேங்கிய நீர் மேல் ஆயிரம் சொச்சம் கிலோ வண்டி ஏறினால், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் உங்கள் கையில் இருக்காது.

நடுவழி ஒன்று உண்டு. யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போன்ற, ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) 200 வகை ரோட்டு டயர்கள். 195/50 ஆர்15-இல் இரண்டுமே இருக்கின்றன. சீக்கிரம் சூடேறும், டிராக்கிலும் தாக்குப்பிடிக்கும். மழையில் செமி-ஸ்லிக்கைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான், நிதானம் வேண்டும். ட்ரெட்வேர் எண்ணை அந்தந்தக் கம்பெனியே போடுகிறது என்பதால், இரண்டு கம்பெனிகளின் 200-ஐ அப்படியே ஒப்பிடாதீர்கள்.

செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், போதாததற்கு அந்த வெயில். டயருக்குள் காற்றின் சூடு 6, 7 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். 27 டிகிரியில் 29 வைத்துக் கிளம்பி, உள்காற்று 77 டிகிரியைத் தொட்டால் கேஜ் 36 காட்டும். அதனால் சில சுற்றுகள் போய், பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு) வந்து, சூடாக இருக்கும்போதே காற்றை இறக்குங்கள். மாலையில் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் மறக்காமல் திரும்ப அடியுங்கள். இறக்கிய அளவோடு நெடுஞ்சாலையில் போவது டயருக்கும் உங்களுக்கும் நல்லதல்ல. டிக்கியில் ஒரு சின்ன பம்ப் இருக்கட்டும்.

எலிஸில் முன்னால் 175, பின்னால் 225. நான்கும் ஒரே அளவாக இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாமே? (பர்மிங்ஹாம்)

கூடாது. இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல். எல்லை மீறும்போது முன்பக்கம் முதலில் பிடிப்பை விடட்டும், பின்பக்கம் சுழன்றுவிடக் கூடாது என்றுதான் லோட்டஸ் அப்படி வைத்திருக்கிறது. உங்கள் வண்டிக்கு லோட்டஸ் ஒப்புதல் பெற்ற டயர் எது என்று பாருங்கள். யோகோஹாமா நியோவா ஏடி07-இல் எல்டிஎஸ் என்ற குறியோடு வந்தது இந்த வண்டிக்கென்றே செய்தது.

2013 டொயோட்டா 86. கம்பெனியே மிஷ்லின் பிரைமஸி எச்பி போட்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ஏன்? மாற்றலாமா? (மெல்பர்ன்)

வேண்டுமென்றே போட்டதுதான். டொயோட்டாவின் ஹைப்ரிட் குடும்பக் காரான பிரியஸிலும் வந்த டயர் ரகம் அது. வேகம் அதிகமில்லாதபோதே வண்டி மெல்ல வழுக்கி, ஓட்டுபவர் அதை ஸ்டீயரிங்காலும் ஆக்ஸிலேட்டராலும் பிடித்துக்கொள்ள முடிய வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். எனக்கு அந்த எண்ணம் மிகவும் பிடிக்கும்.

மாற்றலாம். பைலட் ஸ்போர்ட் வகை போட்டால் பிரேக் பிடிப்பதும் ஈரத்தில் நிற்பதும் தெளிவாக மேம்படும். ஆனால் வழுக்கல் அதிக வேகத்தில் வரும், வந்தால் திருத்த நேரமும் குறைவு. அகலம் 215-ஐத் தாண்ட வேண்டாம். அந்த இன்ஜினின் 205 நியூட்டன் மீட்டர் இழுவைக்கு அதுவே தாராளம்.

பழைய வண்டி ஒன்று பார்த்தேன். டயரில் 6 மில்லிமீட்டர் ட்ரெட் (பள்ளங்களின் ஆழம்) இருக்கிறது. நம்பலாமா? (சிங்கப்பூர்)

ட்ரெட்டை மட்டும் நம்பாதீர்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம். வெளிப்பக்கத்தில் இல்லையென்றால் உள்பக்கத்தில் இருக்கும், கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிகளில் ரப்பர் தேய்வதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் டயர் தெரிந்த ஆளிடம் காட்டச் சொல்கிறது மிஷ்லின், பத்து வருஷத்துக்கு மேல் ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் கழற்றச் சொல்கிறது. லேசான ஸ்போர்ட்ஸ் காரில் நான் ஆறு, ஏழு வருஷத்திலேயே மாற்றிவிடுவேன்.

அப்படியே உள்ளங்கையால் ட்ரெட்டைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

குளிர்காலத்திலும் இதே டயரில் ஓட்டலாமா? (டொராண்டோ)

7 டிகிரிக்குக் கீழே இந்த ஸ்போர்ட்ஸ் டயர்களின் கோடை ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயர் போடுங்கள், இல்லையென்றால் வண்டியை நிறுத்தி வையுங்கள்.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. முன்னால் போடவா, பின்னால் போடவா? (யோர்க்)

நான்கும் ஒரே அளவென்றால் புதியவை பின்னால். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், இந்த மாதிரி குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வண்டியின் பின்பக்கம் ஈரத்தில் விலகினால் பிடிப்பது கஷ்டம். முன்னால் இருப்பவற்றில் ட்ரெட் குறைந்தது 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். சட்டம் 1.6 வரை விட்டாலும், அந்த அளவில் மழையில் ஓட்டாதீர்கள். இரண்டு மாதம் பொறுத்து நான்கையும் சேர்த்து வாங்க முடியுமென்றால், பொறுங்கள்.